சத்தம் போடாத பெட்டி

"இது எத்தினி வாட்ஸ்?" என்றுதான் முதலில் கேட்டேன். கடையில் இருந்த கண்ணாடி போட்ட அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டதைப் பார்த்துவிட்டேன். எனக்குச் சுர்ரென்று ஏறியது. உத்திரமேரூர்ப் பக்கத்தில் இருபத்திரண்டு வருஷமாக மைக் செட் போடுகிறவன் நான். காவாந்தண்டலத்தில் ஒரு காதுகுத்துக்கு நான் குழாய் ஸ்பீக்கர் கட்டினால் அடுத்த ஊரில் படிக்கிற பிள்ளைகள் புத்தகத்தை மூடிவிடும். என்னைப் பார்த்தா சிரிப்பு?

"இதுல வாட்ஸே கெடையாதுண்ணே. இது சத்தம் போடாது. கேட்டுக்கும், அவ்வளவுதான்," என்றார் அந்த அம்மா.

அந்தப் பெட்டிக்காக நான் சென்னைக்குப் பஸ் ஏறியதற்குக் காரணம் என் மனைவியின் கழுத்து. தைராய்டில் கட்டி. வியாழக்கிழமை ஆபரேஷன். கெட்ட கட்டி இல்லை, பயப்படாதீர்கள் என்றார் டாக்டர். ஆனால் குரலுக்குப் போகிற நரம்பு பக்கத்திலேயே ஓடுவதால் குரல் மாறலாம், மாறாமலும் இருக்கலாம் என்றும் சொல்லிவைத்தார். ஆடி மாசம் எங்கள் ஊர் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது பாடுவது அவள்தான். மொத்தம் பதினோரு பாட்டு, எல்லாம் அவளே கட்டியவை, ஒன்றையும் எழுதி வைத்ததில்லை. ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்துகொண்டு, "எம் பாட்ட எதுலனா புடிச்சி வச்சிடுயா," என்றாள்.

போனில் பிடித்தால் குரல் மெலிந்துவிடும் என்றாள் மகள். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். நல்ல மைக் ஒன்று, அதைக் கம்ப்யூட்டரோடு சேர்க்க ஆடியோ இன்டர்ஃபேஸ் என்று ஒரு பெட்டி, இரண்டும் வாங்கச் சொல்லித் தன் பழைய லேப்டாப்பையும் கொடுத்துவிட்டுப் போனாள்.

கடையில் இரண்டு பெட்டி காட்டினார்கள். ஒன்றில் எட்டு மைக் சொருகலாம், இன்னொன்றில் இரண்டு. என் கை தானாக எட்டுக்குப் போனது. எங்கள் தொழில் அப்படி. கல்யாண வீட்டுக்குச் சின்ன ஆம்ப்ளிஃபயர் கொண்டுபோனால் மாப்பிள்ளையின் மாமன் வந்து, "இன்னாபா, டிபன் பாக்ஸ எட்டாந்துகீற?" என்பான்.

"ஒரே நேரத்துல எத்தனை பேர் பாடுவீங்கண்ணே?"

"ஒருத்தி."

"அப்ப மிச்சம் ஏழு ஓட்டைய இன்னா பண்ணப் போறீங்க?"

எட்டைத் தள்ளி வைத்தேன். பிறகு அவர் சொன்னதையெல்லாம் முறைத்துக்கொண்டே கேட்டேன். நான் வாங்குகிற மைக்குக்கு நாற்பத்தெட்டு வோல்ட் இந்தப் பெட்டியே கொடுக்க வேண்டுமாம். அதற்குப் பொத்தான் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஹெட்ஃபோனுக்குத் தனித் திருகு வேண்டும். பாடுகிறவளுக்குத் தன் குரல் பின்தங்காமல் அப்போதே காதில் விழ வேண்டும். அவ்வளவும் அந்தச் சின்னதில் இருந்தது. திருகைச் சுற்றி வளையமாக எரிகிற விளக்கைப் பற்றியும் ஏதோ ஆரம்பித்தார். "விளக்கு எனக்குத் தெரியாதாம்மா?" என்று வாயை அடைத்துவிட்டுக் கிளம்பினேன்.

நெல் மூட்டை அடுக்கியிருக்கும் அறைதான் எங்கள் ஸ்டுடியோ. மூட்டைகள் எதிரொலியைத் தின்றுவிடும். ஃபேனை நிறுத்திவிட்டு, திங்களும் செவ்வாயும் மத்தியானங்களில் அவள் வியர்க்க வியர்க்கப் பாடினாள். மைக்குக்கு முன்னால் ஊரே உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு முழுத் தொண்டையில் பாடினாள். நான் திருகைத் திருப்பினேன். வளையம் பச்சையாக எரிந்தது. போதாது என்று இன்னும் திருப்பினேன். சிவப்பு வந்தது. எனக்கு நிம்மதி. எங்கள் தொழிலில் சிவப்பு துடிக்கவில்லையென்றால் சத்தம் பத்தவில்லை என்று அர்த்தம். ஹெட்ஃபோனை அவளுக்கு மாட்டிவிட்டு விளக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பாடி முடித்து, "காதுல எதுவோ கர்ருன்னு கீதுயா," என்றாள் ஒரு தடவை. "புது சாமான், அப்பிடித்தான் இருக்கும்," என்றேன். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ் பேசியது.

புதன் காலையில், அம்மாவோடு ஆஸ்பத்திரிக்குப் போவதற்காக லீவு போட்டுவிட்டு மகள் வந்தாள். நாஷ்டா தட்டைக் கையில் வைத்துக்கொண்டே ஒரு பாட்டைப் போட்டுக் கேட்டாள். தட்டைக் கீழே வைத்தாள். இரண்டாவது பாட்டு, மூன்றாவது, கடைசிப் பாட்டு.

"நைனா, செவப்புல வச்சா புடிச்ச?"

"ஆமா. ஃபுல்லு."

"அது வேணாம்னு சொல்றதுக்குத்தான் நைனா செவப்பு. எல்லாமே கிழிஞ்சிகீது."

"சரி பண்ணிடு."

"இத பண்ண முடியாது நைனா."

ஹெட்ஃபோனை வாங்கிக் கேட்டேன். தகரத்தை ரோட்டில் இழுக்கிற சத்தத்துக்குள்ளிருந்து என் பெண்டாட்டி பாடிக்கொண்டிருந்தாள். லேப்டாப்பைத் திட்டினேன், பெட்டியைத் திட்டினேன், கடைக்காரம்மாவைத் திட்டினேன். உண்மையில் அழுகைதான் வந்தது. பத்து மணிக்குக் கார் வரச் சொல்லியிருந்தேன். ஆஸ்பத்திரியில் அன்றைக்கே படுக்க வேண்டும்.

அவள் ஒரு சொம்பு வெந்நீர் குடித்துவிட்டு மூட்டை அறைக்குள் போய் உட்கார்ந்தாள். "சும்மா கத்திக்கினு கீறியே, வா. மூணு பாடுறேன். அதுக்குமேல தொண்ட தாங்காது."

"மீதி எட்டு?"

"போனாப் போவுது."

எந்த மூன்று என்று அவளே முடிவு செய்தாள். திருகைப் பச்சையிலேயே நிறுத்தினேன். தொண்டை களைத்திருந்ததால் மெதுவாகத்தான் பாடினாள். இந்த முறை ஹெட்ஃபோன் வேண்டாம் என்று என் தலையில் மாட்டிவிட்டாள். வளையல் உரசுவது கேட்டது. குரல் மேலே ஏறும் முன் அவள் எச்சில் விழுங்குவது கேட்டது. இத்தனை வருஷமும் கோயில் மரத்தில் குழாய் கட்டி அவள் குரலை ஊருக்கெல்லாம் கேட்க வைத்தவன், பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நாளும் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது. மூன்றாவது பாட்டு முடிகிறபோது வாசலில் கார் ஹாரன் அடித்தது. அதுவும் பதிவாகியிருக்கிறது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. குரல் வரவில்லை. வெறும் காற்றுதான் வந்தது. வரும், நாளாகும் என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்த பிறகு கரண்டியால் தட்டித்தான் என்னைக் கூப்பிடுவாள். அந்த மூன்று பாட்டையும் போடட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று தலையாட்டுவாள்.

மூன்றாவது வாரம் ஒரு காலையில் அவளாகவே மூட்டை அறைக்குள் போய் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்தாள். என்னைப் பார்த்துக் கையசைத்தாள். லேப்டாப்பைத் திறந்து, பெட்டியைச் சொருகி, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டேன். அவள் வாய் அசைந்தது. வளையத்தில் ஒன்றும் எரியவில்லை. திருகைத் திருப்பினேன். இன்னும் திருப்பினேன். கடைசி வரைக்கும் திருப்பினேன். மூச்சுக்கு நடுவில், அடியில், அவள் குரல் இருந்தது.

"பச்ச எரியுதா?"

வளையம் லேசாகப் பச்சை காட்டி அணைந்தது.

"எரியுதுமே! எரியுது!" என்று கத்திவிட்டேன். நான் போட்ட கத்தலில் வளையம் முழுக்கச் சிவப்பானது.