திரும்பினால் கடைசி ஆள்தான் முதல்

அன்று மொட்டைமாடியில் இருந்தவர்கள்: தாய் சி என்கிற நிதானமான சீன உடற்பயிற்சி சொல்லித்தரும் மாஸ்டர், வங்கி வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு சார், மேற்கு மாம்பலத்திலிருந்து பஸ் பிடித்து வரும் நர்ஸம்மா, நான். பிளாஸ்டிக் நாற்காலியில் வீட்டுக்காரர். எங்கள் காலுக்கு நேர் கீழே, கூடத்தில், காதைத் தீட்டிக்கொண்டு அவர் மனைவி.

புகாரே அந்த மாமியுடையதுதான். நாங்கள் மேலே குதிப்பதால் கூடத்தில் காரை உதிர்கிறதாம். "இன்னிக்கு ஒரு சத்தம் கேட்டாலும் காலி பண்ணிடணும்" என்று வீட்டுக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். மயிலாப்பூரில் வேறு யார் மாடி கொடுப்பார்கள்? எட்டாவதோடு படிப்பை விட்டு, தையல் மிஷின் மிதித்து மிதித்து வலது முட்டி போனவன் நான். இங்கே வர ஆரம்பித்த பிறகுதான் படி ஏற முடிகிறது. இதுவும் போனால்?

தாய் சியில் குதிப்பே கிடையாது. பாதத்தை வெறுமனே வைக்கணும். வைத்த பிறகுதான் எடையைக் கொஞ்சம் கொஞ்சமாக அதில் இறக்கணும். ஆனால் பயம் வந்தால் எனக்கு உடம்பு மரக்கட்டை, கால் பொத்தென்று விழும். அதனால் கடைசியில் போய் நின்றுகொண்டேன், முன்னால் இருப்பவரைப் பார்த்துச் செய்துவிடலாம் என்று. பாதியில் எல்லோரும் பின்பக்கம் திரும்புவோம் என்பது பாழும் மண்டையில் ஏறவில்லை. திரும்பினோம். எனக்கு முன்னால் கைப்பிடிச் சுவர்தான் இருந்தது.

முன்னால் இருப்பவரை யாரும் முந்தக்கூடாது. அது மாஸ்டர் வைத்த முறை. வலது காலைத் தூக்கினேன். அடுத்தது என்ன? சுத்தமாக மறந்துபோச்சு. தூக்கிய கால் தானாக மிஷின் மிதிக்க ஆரம்பித்தது. என் பின்னால் மூன்று பேர் ஒற்றைக்காலில். சாருக்கு மூச்சு வாங்குவது கேட்டது. வீட்டுக்காரர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"சார் வுழுந்துடுவாருபோல கீது," என்றார் மாஸ்டர், தணிந்த குரலில். "தோளை இறக்கு நைனா. இடுப்பை விடு. கால் தானா இறங்கும்."

தோளை இறக்கினேன். இடது முட்டி மெல்ல மடங்க மடங்க, வலது குதிகால் தரையைத் தொட்டது. தொட்டது எனக்கே தெரியவில்லை. எடையை இறக்கினேன். முட்டி தாங்கியது.

கீழேயிருந்து மாமியின் குரல்: "ஏன்னா! அவா இன்னும் ஆரம்பிக்கலையா?"

நர்ஸம்மா சிரித்துவிட்டார். வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார்.

"இருந்துட்டுப் போங்கோ. அவகிட்ட நான் சொல்லிக்கறேன்." படி இறங்கப்போனவர் மாஸ்டரிடம் திரும்பினார். "சத்தம் வரலை, சரி. வாடகையும் வரலையே ஓய்! ரெண்டு மாச பாக்கி, நானூறு ரூபா."