குதிரை ஓட இடமில்லாத நாடு

குதிரையைப் பக்கத்தில் போய்ப் பார்த்திராத மூன்று பேர், குதிரைச் சண்டைக்காகத் தொண்டை கிழியக் கத்தினோம் என்றால் இன்று யார் நம்புவார்கள்? எண்பதுகளின் நடுப்பகுதி. தெமோதரைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நான் வாத்தியார். பதுளையில் துணிக்கடை வைத்திருந்த நண்பருக்கு, கப்பலில் வேலை செய்த மச்சான் ஒரு விளையாட்டுப் பெட்டி கொண்டுவந்து கொடுத்திருந்தார். உள்ளே ஆங்கிலத்தில் ஒரு விதிப்புத்தகமும் இருபது முகம் கொண்ட ஒரு தாயக்கட்டையும். ஒருவர் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் அதற்குள் வீரர்களாகப் புகுந்து, தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். சொன்னது நடந்ததா இல்லையா என்பதைக் கட்டை தீர்மானிக்கும்.

ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த பாவத்துக்கு நான்தான் கதைசொல்லி. நண்பர் மந்திரவாதி; அண்ணன் முறையில் என் மனைவிக்கு அவர் 'நானா'. என் மனைவி வீராங்கனை. ஞாயிறு மத்தியானம் நண்பர் பஸ்ஸில் வந்து இறங்குவார், பொழுது சாயும்வரை எங்கள் வீட்டில் ஒரே ரகளை. செத்துப்போன வீரரின் விவரம் எழுதிய தாளை அடுப்பில் போட்டுவிட வேண்டும் என்பது நாங்களே வைத்த விதி. நண்பரின் மந்திரவாதிகள் இரண்டு பேர் அப்படி எரிந்துபோனார்கள். மனைவியின் வீராங்கனை மட்டும் ஒரு வருடமாகத் தாக்குப்பிடித்தாள். அந்தத் தாளை அவள் அலுமாரியில் கல்யாணச் சேலைக்குள் மடித்து வைத்திருந்தாள். நான் கொடுத்த கடிதமெல்லாம் எங்கே கிடந்ததோ!

கதையில் ஒரு ராஜா அவளுக்குக் குதிரை கொடுத்ததும் வந்தது வினை. குதிரையில் பாய்ந்து ஈட்டியால் குத்தினால் அடி இரண்டு மடங்கு. ஆனால் அதற்கு அறுபது அடி நேரான, சமமான தரை வேண்டும் என்றது புத்தகம். ராஜாவின் நாட்டுக்குப் படம் வரைந்தவன் நான். எனக்குத் தெரிந்த நாடு எங்கள் தோட்டம் ஒன்றுதான். ஆகவே அந்த நாடு முழுக்கச் சரிவு, படிக்கட்டு, பத்தடிக்கு ஒரு தண்ணீர் ஓடும் கான். மூன்று ஞாயிறு போயும் குதிரை ஒரு தடவைகூட ஓடவில்லை.

"என்ன தங்கச்சி, இதுக்கு ஒரு கழுதை வாங்கியிருக்கலாமே" என்று நண்பர் சிரித்தார். மனைவி என்னை முறைத்தாள்.

நாலாவது ஞாயிறு ராட்சசன் வந்தான். அவளுக்கு மிச்சம் நாலே உயிர்ப்புள்ளி. கதாயுதம் ஒருமுறை பட்டால் தாள் அடுப்புக்குத்தான். நண்பர் அடுப்பைத் திரும்பிப் பார்த்தார். அவளோ படத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு விரலால் மலைமலையாகத் தேடினாள். விரல் ஓர் இடத்தில் நின்றது.

"பெரட்டுக்களம் சமமாத்தானே இருக்கு?"

பெயர் கூப்பிட்டு, யார் எந்த மலைக்குக் கொழுந்தெடுக்கப் போக வேண்டும் என்று காலையில் ஆட்களைப் பிரித்துவிடும் களம் அது. கல்யாணத்துக்கு முன்னால் அவளும் கூடையோடு தினமும் நின்ற இடம். படத்தில் அதையும் வரைந்து வைத்தது எனக்கு மறந்தே போயிருந்தது. அளந்து பார்த்தேன். தாராளமாக அறுபது அடி!

ராட்சசன் துரத்த, அவள் குதிரையைக் களத்துக்கு விரட்டினாள். அவன் வீசிய கதாயுதம் குறி தப்பியது. நண்பர் நாற்காலியில் ஏறி நின்றார். இனிக் குதிரையைத் திருப்ப வேண்டும். அதற்கும் புத்தகத்தில் ஒரு விதி இருந்தது. பன்னிரண்டுக்குக் குறைந்தால் குதிரை மிரண்டு அவளைத் தள்ளிவிடும். எனக்கு அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட ஆசையாக இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், புரட்டவும் பார்த்தேன்.

"உள்ளத வாசிங்க" என்றாள். "எனக்காக ஒண்ணும் விட்டுக்குடுக்க வேணாம்."

வாசித்தேன். உருட்டினாள். பதினாலு! குதிரை திரும்பியது. குத்துவதற்குப் பதினைந்து வேண்டும். அவள் கண்ணை மூடவில்லை, சாமியைக் கூப்பிடவில்லை, கட்டையை மேசையில் எறிந்தாள். அது ஓடி ஓடி விளிம்பில் நின்றது.

பதினெட்டு.

நண்பர் போட்ட கூச்சலில் தேநீர் கவிழ்ந்தது. பக்கத்து வீட்டுக்காரர் யாருக்கு என்ன ஆனதோ என்று ஓடி வந்தார். நான் கதைசொல்லி, எந்தப் பக்கமும் சாயக் கூடாது. ஆனாலும் எழும்பிக் குதித்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் விளையாட்டு ஞாபகம் வந்தது. செத்த ராட்சசனின் இடுப்பில் கோட்டைச் சாவி தொங்கியது.

"எறங்கி சாவிய எடு" என்றேன்.

"நானாவோட மந்திரவாதி எடுக்கட்டும். நான் எறங்க மாட்டேன்."

"ஏன்?"

"இந்தக் களத்துல ஏழு வருஷம் நின்னேங்க. இன்னைக்கு நிக்க மாட்டேன். ரெண்டு சுத்து ஓட்டிட்டு வர்றேன்."

அதற்குக் கட்டையில் எத்தனை விழ வேண்டும் என்று நான் புத்தகத்தைப் பார்க்கவில்லை.

"ஓட்டு" என்றேன்.