தெற்கு ஓரத்தில் நான்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அன்று மடுல்சீமையில் ஒரு நட்சத்திரத்தின் மேலேயே கோபப்பட்டேன்.

நான் இலங்கை மலையகத்தில், பசறையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். சூரியனைச் சுற்றும் சிறு கல் ஒன்று அன்று பொழுது சாய்ந்ததும் ஒரு நட்சத்திரத்தை மறைத்துக்கொண்டு போகும், அதன் நிழல் தமிழ்நாடு, இலங்கை, இந்தோனேசியா வழியாக ஓடும் என்று வானியல் குழு ஒன்று கணித்திருந்தது. மூன்று நாட்டிலும் ஆட்கள் தள்ளித் தள்ளி நின்று, நட்சத்திரம் எவ்வளவு நேரம் மறைகிறது என்று சொன்னால் கல்லின் அளவு கிடைக்கும். நிழலின் தெற்கு ஓரமான மடுல்சீமைக்கு ஆள் இல்லை. அந்த இடத்தை என்னை நம்பிக் கொடுத்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, பெருமையாகத்தான் இருந்தது.

கணவரின் ஆட்டோவில் போனோம். பாதை போட்ட குலுக்கலில் தொலைநோக்கியைப் பிள்ளை மாதிரி மடியில் வைத்திருந்தேன். பனிமூட்டமும் நல்ல மனதோடு விலகியிருந்தது.

நேரம் வந்தது, போனது. நட்சத்திரம் அப்படியே இருந்தது.

கைப்பேசியில் மற்றவர்களின் செய்திகள் வந்தன. எல்லாருக்கும் மறைந்திருந்தது. எனக்கு அழுகையும் எரிச்சலும் சேர்ந்து வந்தன.

"நீயும் ஒரு செக்கன் மறைஞ்சிச்சுன்னு போட்டுடேன்," என்றார் கணவர். "இவ்வளவு தூரம் வந்து ஒன்னும் பாக்கலன்னா அரைப்பேருதான் போடுவாங்க."

பறித்த கொழுந்து குறைந்தால் தேயிலைத் தோட்டத்தில் அன்றைக்குப் பாதிச் சம்பளம்தான். அதைத்தான் அரைப்பேர் என்பார்கள். அவர் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்தவர், கேலியும் அப்படித்தான் வரும்.

"பாக்காததப் பாத்தேன்னு எழுதச் சொல்றீங்களா? பேசாம வண்டிய எடுங்க," என்றேன். 'மறையவில்லை' என்று மட்டும் அனுப்பிவிட்டு ஆட்டோவில் ஏறினேன்.

மறுநாள் ஞாயிறு. தேவாலயத்தில் பூசை முடிந்து வெளியே வந்தபோது, அந்தக் குழுவில் கணக்குகளைத் தொகுக்கும் பெண்மணி தமிழ்நாட்டிலிருந்து அழைத்தார். கணவரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"டீச்சர், கல்லு நாங்க நெனச்சதவிடச் சின்னதுங்க. எல்லாரும் மறைஞ்சதுன்னே சொன்னா, அது எங்க முடியுதுன்னு எப்படித் தெரியும்? உங்களுக்கு மறையாததாலதான் தெக்குப் பக்கத்து ஓரம் கெடச்சுது. இந்தோனேசியாக்காரங்களும் உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாங்க."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரே ஒரு செக்கன் பொய், மூன்று நாட்டு உழைப்பையும் கெடுத்திருக்கும்.

கணவர் ஆட்டோவைக் கிளப்பிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒனக்கு முழுப்பேரு," என்றார். "எனக்குத்தான் இன்னைக்கு அரை."