தாமுவே வீட்டுச் சுவரில் ஒரு பேஸ்பால்காரர்

போன வாரம் அக்கா மகன் கைப்பேசியை என் மூக்குக்கு நேராக நீட்டினான். தொப்பி போட்ட ஆள் ஒருவர் கட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நிற்கும் சின்ன அட்டை. பேஸ்பால் அட்டையாம். பழசென்றால் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டி, கையுறை போட்டுத்தான் தொடுவார்களாம். "மாமா, ஒங்ககிட்டகூட ஒரு கட்டு இருந்துச்சுல்ல?" என்றான். இருந்தது, இருக்கிறது. பள்ளிக்கூட நோட்டில் சோற்றுப்பசை தடவி வரிசையாக ஒட்டி வைத்திருக்கிறேன். அதைப் பார்த்ததும் பையன் தலையில் அடித்துக்கொண்டான். கரப்பான் தின்றது போக, பதினோரு பேர் மிச்சம்.

நோட்டைத் திறந்தால் இன்றைக்கும் அந்துருண்டை வாசம். ரங்கூனின் லான்மடா பகுதியில் நானும் முருகையாவும் வேலை பார்த்த பழைய துணிக்கடை முழுக்க அந்த வாசம்தான். கடையில் எல்லோருக்கும் அவன் பர்மியப் பெயரில் கோ மியோ. வீட்டிலும் எனக்கும் முருகையா. இருவருக்கும் இருபது வயதிருக்கும். கப்பலில் வரும் துணி மூட்டைகளைப் பிரித்து, சட்டை ஒரு பக்கம், கம்பளிக் கோட்டு ஒரு பக்கம் என்று குவிப்பதுதான் வேலை. ரங்கூன் புழுக்கத்தில் கம்பளிக் கோட்டை யார் வாங்குவார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள், முதலாளிக்கே தெரியாது.

சட்டை, கோட்டுப் பைகளில் கிடைப்பதற்கு அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். உலோகம் என்றால் அவருக்கு, காகிதம் என்றால் கண்டெடுத்தவனுக்கு. மோதிரத்தை மனதில் வைத்துப் போட்ட சட்டம். பாவம், எனக்குத் தெரிந்து அவருக்குக் கிடைத்ததெல்லாம் அறுந்த ஜிப்பும் யார் வீட்டுச் சாவியோ ஒன்றும்தான். எங்களுக்கு பஸ் டிக்கெட், சூயிங்கம் தாள், அதிர்ஷ்டம் இருந்தால் சின்னப் பிள்ளைகளின் கோட்டுப் பையிலிருந்து இந்த அட்டைகள்.

அந்த விளையாட்டைப் பற்றி எங்களுக்கு ஒரு மண்ணும் தெரியாது. அதனால் என்ன, மீசை இருந்ததே! மழித்த முகம் பத்து கொடுத்தால் நல்ல மீசை ஒன்று கிடைக்கும். சூயிங்கத்தால் கன்னம் உப்பியிருந்தால் பல்வலிக்காரர், அவருக்கு மதிப்புக் குறைவு. அட்டையின் பின்பக்கம் இருந்த எண்களை முருகையா இரண்டு நம்பர் லாட்டரிக்கு வைத்துக்கொண்டான். ஒருமுறை அடித்தும் விட்டது. அந்த ஆளுக்கு ஒரு வாரம் ஊதுபத்தி காட்டினான்.

ஒருநாள் என் கைக்கு வந்தார் மீசைகளின் ராஜா. மாநிறம். ஒரு கை இடுப்பில், மறு கையில் கட்டை, 'யார்றா அவன்' என்பது போல ஒரு முறைப்பு. முருகையா பார்த்தான். மறுநாளே தன்னிடமிருந்த மொத்த அட்டைகளையும் கொண்டுவந்து வைத்துவிட்டு அந்த ஒன்றைக் கேட்டான். நான் மாட்டேன் என்றேன். மூன்று வாரம் கெஞ்சவிட்டேன். அப்போது எனக்கு இருந்த கெட்டித்தனம் அவ்வளவுதான்.

கடைசியில் காரணத்தைச் சொன்னான். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய அவன் அப்பா, அவனுக்கு நாலு வயதில் இறந்துவிட்டார். வீட்டில் இருந்தது ஒரே ஒரு போட்டோ. மழைக்கால ஈரத்தில் அது சட்டத்துக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ள, அம்மா பிரித்து எடுக்கப் போய், முகம் உரிந்து வந்துவிட்டது. அவனுக்கு அந்த முகம் நினைவில் இல்லை. அம்மா சொல்லித்தான் மீசையும், இடுப்பில் கை வைத்து நிற்பதும் தெரியும். "அம்மாகிட்ட ஒரு தடவ காட்டணும்டா. அடுத்த வாரம் தெவசம் வருது" என்றான்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. ஆனாலும் அட்டையை அவனிடம் கொடுத்தனுப்ப மனம் வராமல், தாமுவேயில் இருந்த அவன் வீட்டுக்கு நானே கூடப் போனேன்.

முருகையாவின் அம்மா, எனக்குப் பெரியம்மா, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அட்டையை வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கையில என்னடா, ஒலக்கையா?"

"ஹார்பர்ல வேல பாத்தவருதானம்மா. கட்ட இருக்காதா?" என்றான் முருகையா.

"ஒங்கப்பா என்னைக்குடா இவ்ளோ வெள்ளையா சட்ட போட்டாரு?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. "இது அவரு இல்ல. ஆனா இந்த நிப்பு அவரோடதுதான். யா தே, இருந்துட்டுப் போவட்டும்" என்றார். யா தே என்றால் பர்மியரின் பரவாயில்லை.

"ரெண்டு நாளுக்குத்தான் பெரியம்மா" என்று அப்போதும் சொன்னேன் பாருங்கள்.

அட்டைக்குச் சட்டம் போட்டார்கள். கீழே ஆங்கிலத்தில் இருந்த பெயரை மாலை மறைத்துக்கொண்டது. நெற்றி தெரியாததால் சந்தனப் பொட்டு தொப்பியின் மேலேயே ஏறியது. திவசத்தன்று முன்பின் தெரியாத ஒரு விளையாட்டுக்காரருக்கு வடை பாயசத்தோடு படையல் போட்டு, அந்த வடையை நானும் வஞ்சகமில்லாமல் சாப்பிட்டேன். அதன் பிறகு பெரியம்மா தினமும் அவரோடு சண்டை. "கூரை ஒழுவுது, நீங்க பாட்டுக்குக் கட்டையப் புடிச்சிக்கிட்டு நில்லுங்க!"

காலம் ஓடியது. முருகையா மலேசியாவுக்குப் போய்விட்டான். பெரியம்மா படுக்கையில் விழுந்தபோது பார்க்கப் போயிருந்தேன். சிரிக்க வைக்கலாம் என்று, "ரெண்டு நாளுன்னு சொன்னேனே, என் ஆள எப்பத்தான் குடுப்பீங்க?" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"எடுத்துக்கிட்டுப் போய்யா. போட்டோ போனப்பறமும் கண்ண மூடுனா அவரு மொகம் வரும். இப்ப மூடுனா இவன்தான் தொப்பியோட வந்து நிக்கிறான். அவரு வரவே மாட்டேங்குறாரு."

அவர் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அட்டையை எடுக்கவில்லை.

துணிக்கடை இப்போது கைப்பேசிக் கடை. தாமுவே வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். பெரியம்மாவும் இல்லை. காரியத்துக்கு வந்த முருகையா சட்டத்தை மலேசியாவுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டான். போன மாதம் கைப்பேசியில் அவன் பேத்தியைக் காட்டினான். குழந்தை சுவரில் மாட்டியிருந்த அந்த அட்டையைக் காட்டி, "பெரிய தாத்தா" என்றது. முருகையா பூரித்துப்போனான். அந்த மனிதரின் முகம் பெரியம்மாவின் கண்ணுக்குள்தான் மிச்சம் இருந்தது, அதையும் அழித்தவன் நான்தான் என்று அவனிடம் எப்படிச் சொல்வது? "ஆமாடா, அப்படியே அவர்தான்" என்றேன்.