நான் மறைத்த ஆபரேஷன்

இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு குடும்பக்கட்டுப்பாடு செய்துகொண்டது நான்தான். செல்லூர்த் தறிக்கூடத்தில் கேலி செய்வார்களே என்று, மனைவிக்குச் செய்ததாகச் சொல்லிவிட்டேன். சொந்தக்காரர்கள் பார்க்க வந்தபோது, ஒன்றுமே ஆகாத அவள் பாயில் படுத்திருந்தாள். வலியோடு நான் காபி கொடுத்தேன்.

ஆறு மாதம் கழித்து, எதிர்த்தறி நண்பன் தனியாகக் கூப்பிட்டான்.

"மாப்ள, வீட்ல அவளுக்கு ரத்தம் கம்மி. நானே பண்ணிக்கிறலாமான்னு பாக்குறேன். அப்புறம் தறியில நிக்க முடியுமா? உனக்குத் தெரிஞ்சு ஆம்பள யாராச்சும் பண்ணிருக்காகளா?"

தினமும் அவன் கண்முன்னால் தறி ஓட்டும் நான், "யாரும் இல்ல மாப்ள" என்றேன்.

ரத்தம் ஏற்றி அவன் மனைவிக்கே ஆபரேஷன் செய்தார்கள். பார்த்துவிட்டு வந்த என் மனைவி சொன்னாள்: "அவளும் என்னைய மாதிரிதான் படுத்துக் கெடக்கா. ஆனா நடிக்கல."

என்மேல் எனக்கே எரிச்சலாக இருக்கிறது. அவனிடம் இன்னும் சொல்லவில்லை.