ஸுலைஹாவின் அடைக் கோழி

மடவளையில் ஸுலைஹாவுக்குக் கோபக்காரி என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவர்கள் எல்லோரும் அவளைக் கோபமூட்டியவர்கள்தான் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. அவள் ஸெய்னுலாப்தீனுக்கு இரண்டாம் தாரமாக வந்தபோது, மூத்த தாரத்துப் பிள்ளை றலியா பால்குடி மறந்த பருவம். மாற்றாந்தாய் வளர்க்கும் லட்சணத்தைப் பார்ப்போம் என்று வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தவர்களுக்குக் கடைசிவரை ஒன்றும் அகப்படவில்லை. ஸுலைஹாவுக்கென்று பிள்ளை பிறக்கவில்லை. றலியாதான் அவளுக்கு உயிர். அதற்கு அடுத்தது பின்வளவுக் கோழிகள்.

வியாபாரமெல்லாம் படுத்துக் கிடந்த 1931ஆம் வருஷம், சித்திரை இடிமுழக்கத்தில் அவளுடைய புள்ளிக் கோழி அடைகாத்த முட்டைகள் அத்தனையும் கூழாகிப் போயின. இடிக்குக் காவலாகக் கூட்டுக்குள் இரும்பாணி வைத்தும் பலனில்லை. அதே வாரம் கெலிஓயாவில் தங்கை றம்லத் வீட்டுத் தாய்க் கோழியைக் கீரி கொண்டுபோய்விட்டது. ஸுலைஹா பஸ் ஏறிப் போய், அந்தத் தாயில்லாக் குஞ்சுகளைக் கூடையோடு மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

வேறு கோழியோடு குஞ்சு சேர்ப்பது லேசான காரியமல்ல. பகல் வெளிச்சத்தில் விட்டால் கோழி கொத்தியே கொன்றுவிடும். மஃரிபு பாங்கு சொல்லி இருட்டிக்கொண்டு வந்த நேரம், கூழ் முட்டைகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்து, அந்த இடத்தில் ஒவ்வொரு குஞ்சாக வைத்தாள். கோழி அவள் கையை ரத்தம் வரக் கொத்தியது. பிறகு என்ன நினைத்ததோ, சிறகை விரித்து எல்லாவற்றையும் உள்ளே வாங்கிக்கொண்டது. மற்றக் கோழிகள் குஞ்சுகளைத் துரத்தாதிருக்க, தாயையும் குஞ்சுகளையும் குசினியில் அடுப்புப் பக்கம் ஒரு கூடையால் மூடி வைத்து, நொய்யரிசியும் தண்ணீரும் கொடுத்துப் பார்த்துக்கொண்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை றலியாவைப் பெண் கேட்டு அக்குறணையிலிருந்து ஆட்கள் வருவதாக ஏற்பாடு. வரும்போது இறைச்சி வாங்கி வரும்படி கணவனிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். அவரோ கட்டுகஸ்தோட்டையிலிருந்த தன் பலசரக்குக் கடையைப் பூட்டிவிட்டு வெறுங்கையோடு வந்து சேர்ந்தார். ஸுலைஹா அப்போது பக்கத்து வீட்டில் கோப்பைகள் இரவல் வாங்கிக்கொண்டிருந்தாள்.

குப்பையில் மேயும் கோழியை நினைத்தவுடன் அறுக்கும் வழக்கம் அவர்களிடம் இல்லை. சில நாள் அடைத்து வைத்து, சுத்தமான தீனி கொடுத்த பிறகுதான் அறுப்பார்கள். ஸெய்னுலாப்தீன் அந்த விஷயத்தில் மகா பேணுதலான மனிதர். வளவில் அடைபட்டு அரிசி தின்ற கோழி ஒன்றே ஒன்றுதான். குஞ்சுகளை, கடையில் சவர்க்காரக் கட்டிகள் வந்த மரப்பெட்டி ஒன்றில் அள்ளிப் போட்டார். பிஸ்மி சொல்லி அறுத்தார்.

திரும்பி வந்த ஸுலைஹா புள்ளி இறகுகளைப் பார்த்தாள்.

"அடைக் கோழியையா அறுத்தீங்க?"

"இறைச்சி வாங்க மறந்து பெய்ட்டன். மத்ததெல்லாம் குப்ப கிண்டுற கோழி. இது ஒண்டுதான் சுத்தமா இரிந்திச்சி."

"குஞ்சுகள் இரிந்திச்சே, கண் தெரியல்லியா?"

"அதுக்கென்ன? அது பொரிச்ச குஞ்சா? நீ கொண்டு வந்து வச்சதுதானே!"

கோழியின் வயிற்றுக்குள் என்ன போனது என்று ஆராய்ந்த மனிதருக்குத் தன் வாயிலிருந்து என்ன வருகிறது என்று ஆராயத் தோன்றவில்லை. ஊர் சொல்லியிருந்தால் ஸுலைஹா நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பாள். சொன்னது றலியாவின் வாப்பா. அவள் உட்கார்ந்து மிளகாய் அரைத்தாள்.

வந்தவர்கள் சாப்பிட்டார்கள். அடைகாத்து மெலிந்த கோழி, எலும்பும் தோலுமாக இருந்தது. குசினியில் பெண்களோடு இருந்த மாப்பிள்ளையின் தாய் றலியாவின் நாடியைத் தொட்டு முகத்தை நிமிர்த்தி, "மகள் அப்படியே உம்மாட சாயல்" என்றாள். ஆண்களுக்குக் குழம்பு வாங்க வந்த ஸெய்னுலாப்தீன் குசினி வாசலில் நின்றார்.

ஸுலைஹா அவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "பெத்தது நானில்ல. நான் இவவுக்கு ஆரெண்டு வாப்பாட்டயே கேளுங்க."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். கையிலிருந்த கோப்பையை அவர் இரண்டு முறை மாற்றிப் பிடித்தார்.

"அவதான் உம்மா. வேற ஆரு?"

சொன்னார்தான். ஆனால் கேட்டு வாங்கிய வார்த்தை அது, அதுவும் கோழி குழம்பில் கிடந்த பிறகு. ஸுலைஹாவின் மனம் கொஞ்சமும் ஆறவில்லை.

சம்பந்தம் முடிவாகி ஆட்கள் போனதும், கத்திக்கொண்டிருந்த சவர்க்காரப் பெட்டியைக் கொண்டு வந்து அவர் கையில் கொடுத்தாள்.

"அறுத்தது நீங்க. இனி வளத்துக் காட்டுங்க, கொண்டு வந்து வச்சத."

மறுநாள் முதல் கட்டுகஸ்தோட்டைக் கடையில், கொத்தமல்லி மூட்டைக்குப் பக்கத்தில், பழைய சாரத் துணியால் போர்த்திய பெட்டி ஒன்று இருந்தது. சாமான் வாங்க வந்தவர்கள் குனிந்து பார்த்துவிட்டு, அண்ணன் முறை வைத்து, "நானா, எங்க இதுகள்ட தாய்?" என்று கேட்டார்கள். ஸெய்னுலாப்தீன் தராசைப் பார்த்தபடி பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார்.