சைடு ஏ முடியும்வரை சாயம்

ஆறுமுகத்தை வேலையை விட்டு நிறுத்திய அன்று அவன் பக்கத்தில்தான் நின்றேன். அவனுக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது டிரம் ஓட்டுகிற பசங்களுக்காக அதை எழுதி வைக்கிறேன். எல்லாம் ஒரு பாட்டு கேசட்டில் ஆரம்பித்தது.

1. கேசட்

ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு டேனரியில் சாய டிரம்மில் வேலை. டிரம் என்றால் இரண்டு ஆள் உயர மர உருளை. தோல், தண்ணீர், சாயப் பவுடர் உள்ளே போட்டுச் சுற்ற விடுவோம். ஆறுமுகம் பவுடரை எடை போட்டுக் கொட்டுவான். டிரம் ஓட்டுவது நான். இரண்டு பேரும் ஐந்தாம் வகுப்பு தாண்டாதவர்கள்.

தொண்ணூற்று மூன்றில் ஒரு வெள்ளைக்கார டெக்னீசியன் வந்தார். பெயர் டேவிட். கலர் செட் பண்ண நாலு மாதம் இருந்தார். ஜன்னலில் டேப் ரெக்கார்டரை வைத்து ஒரே கேசட்டைப் போடுவார். கிட்டார், பிடில், ஒரு பெண் குரல். மேனேஜர் ரஹீம் பாய் அவரிடம் கேட்டுச் சொன்னார்.

"அவரு ஊர்ல ஆடு மேய்க்கிறவங்க, தறி ஓட்டறவங்க பாடுன பழைய பாட்டாம்பா. எழுபதுல சில பசங்க அதுக்கு கரண்ட் கிட்டார் போட்டு ரெக்கார்டா வுட்டாங்களாம். ஸ்கூல் படிக்கறப்ப வாங்குனாராம். இன்னும் அதையே கேக்கறாரு."

"இருவது வருஷமாவா? பேஜாரா இல்லயா பாய் அவருக்கு?" என்றான் ஆறுமுகம்.

பாய் அதைச் சொன்னதும் டேவிட் சிரித்தார். நீயும் கேட்டுப் பார் என்று கையைக் காட்டினார்.

2. இருபத்திரண்டு நிமிஷம்

டிரம் பக்கத்தில் கடிகாரம் உழைக்காது. ஆசிட் ஆவியில் முள் துருப்பிடித்து நின்றுவிடும். டேவிட் அதற்கு ஒரு வழி செய்தார். பவுடர் கொட்டியதும் சைடு ஏ போடு. சரியாக இருபத்திரண்டு நிமிஷம். முடிந்ததும் பட்டன் தானாக எகிறும். உடனே ஆசிட் விடு. ஆசிட் விட்டால் சாயம் நின்ற இடத்தில் பிடித்துக்கொள்ளும்.

போகும்போது மிஷினையும் கேசட்டையும் எங்களிடமே கொடுத்துவிட்டுப் போனார். டேப் சிக்கினால் பென்சில் விட்டுச் சுற்றுவேன். ஹெட்டை ஸ்பிரிட்டில் துடைப்பேன். மிஷின் என் பொறுப்பு. எடை அவன் பொறுப்பு.

சினிமாப் பாட்டு ஒரு மாதத்தில் சலித்துவிடும். இது தினம் மூன்று தடவை, ஐந்து வருஷம் ஓடியது. ஒரு வார்த்தை புரியாது. சலிக்கவும் இல்லை. ஏன் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. கூலிக்காரர்கள் வேலை செய்துகொண்டே பாடின பாட்டு என்பதாலோ என்னவோ. மூன்றாவது பாட்டை அந்தப் பெண் தனியாகப் பாடுவாள். வாத்தியம் கிடையாது. தோல் சீவுகிற ஷேவிங் மிஷின் ஆட்கள் அந்த நேரம் பார்த்து பீடி பிடிக்க இந்தப் பக்கம் வருவார்கள்.

"டேய் ஆறுமுகம், உன் சம்சாரம் பாட ஆரம்பிச்சிட்டா, ஓடு."

"வாய மூட்றா. கேக்க வுடு."

ஐந்தாவது வருஷம் ஆறுமுகமே ஒரு நாள் சொன்னான்: "இப்பதான்டா நல்லா பாடறா. அழுவற மாதிரி இருக்குது." எனக்கும் அப்படித்தான் பட்டது.

3. கலர் கம்மி

அந்த வருஷம் ஒவ்வொரு லாட்டாகக் கலர் வெளுத்துக்கொண்டே வந்தது. தோல் மூலையை அறுத்துப் பார்ப்போம். சாயம் முன்பைவிட ஆழமாக உள்ளே போயிருந்தது. நல்லதுதானே என்று நினைத்தோம். உள்ளே ஜாஸ்தி போனால் மேலே கம்மி ஆகும் என்பது எங்கள் புத்திக்கு எட்டவில்லை.

ஒரு பெரிய ஷூ கம்பெனி சரக்கைத் திருப்பி அனுப்பியது. ரஹீம் பாய் சாம்பிள் துண்டோடு வந்தார்.

"பவுடர் எங்கப்பா போவுது?"

"எல்லாம் டிரம்முலதான் பாய் கொட்டறேன்."

"கொட்டுனா கலர் ஏன் கம்மி? வெளிய விக்கிறியா?"

"என் புள்ள மேல சத்தியமா இல்ல பாய்."

பாய் என் பக்கம் திரும்பினார். "இவன் எடை போடறத நீ பாத்தியா?"

"பாக்கல பாய்" என்றேன்.

அது பொய் இல்லை. எடை ரூம் தனி. ஆறுமுகம் என்னைப் பார்த்தான். பிறகு கையுறையைக் கழற்றி ஜன்னலில், டேப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

எடைக்குப் புது ஆள் வந்தான். அதே வாரம் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கடிகாரம் மாட்டினார்கள். அடுத்த லாட்டிலேயே கலர் சரியாக வந்தது. திருடன் போனான், கலர் வந்தது என்று எல்லோரும் பேசினார்கள். நானும் பாதி நம்பினேன். ஆறுமுகம் குடும்பத்தோடு ஆம்பூரை விட்டு கணியம்பாடிப் பக்கம் போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன்.

4. பெல்ட்

ஆறுமுகம் போய் ஆறு வருஷம் கழித்து டேவிட் மறுபடி வந்தார். தலை நரைத்திருந்தது. பாட்டு மட்டும் அதேதான், சி.டி.யில். மூன்றாவது பாட்டு வந்ததும் சொன்னேன்: "பாய், இது வேகமா ஓடுது. மிஷின் கோளாறு."

ரஹீம் பாய் அதைச் சொன்னார். டேவிட் சைடு ஏ பாட்டுகளை வாட்ச்சைப் பார்த்துக் கணக்கு வைத்தார். இருபத்திரண்டு நிமிஷம். எங்கள் பழைய மிஷினில் கேசட்டைப் போட்டார். இருபத்தெட்டு. மிஷினைத் திறந்தார். உள்ளே ரப்பர் பெல்ட் சூட்டில் தொய்ந்து கிடந்தது. டேப் மெதுவாக ஓடிய அந்த ஆறு நிமிஷத்தில்தான் சாயம் ஜாஸ்தி உள்ளே இறங்கியிருக்கிறது.

ரஹீம் பாய் நாற்காலியில் உட்கார்ந்தார். "ஆறுமுகத்த வரச் சொல்லுப்பா" என்றார்.

5. கணியம்பாடி

ரேடியோ கடையில் புது பெல்ட் மாற்றினேன். மிஷினோடு கணியம்பாடிக்குப் போனேன். ஆறுமுகம் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தான். வரப்பில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டான்.

"மிஷின் நான் பாத்துக்கினது. தப்பு என்னுது" என்றேன்.

"பெல்ட் தொய்யறது உனக்கு இன்னாடா தெரியும்?"

"பாய் உன்ன வரச் சொன்னாரு."

"வரலடா. ஸ்கூல்ல என் பொண்ண சாயத் திருடன் பொண்ணுன்னாங்க. அதோட படிப்ப வுட்டுச்சி. இப்ப வந்து இன்னா பண்ண?"

மிஷினை எடுத்து அவன் பக்கத்தில் வைத்தேன்.

"பாட்டு போடு" என்றான்.

பேட்டரியில் போட்டேன். மூன்றாவது பாட்டு வந்தது. அவன் முகம் சுருங்கியது.

"இன்னாடா இது, ஓடறா?"

"இதான் சரியான வேகம்."

"பழைய பெல்ட் கீதா?"

பையில் இருந்தது. புதுசைக் கழற்றி அதை மாட்டினேன். முதலிலிருந்து கேட்டான். பட்டன் எகிறியது. பிறகு கரும்பு வெட்ட அரிவாளை எடுத்தான்.

"இத்த நான் வெச்சிக்கறேன். நீ போ."

கொடுத்துவிட்டு வந்தேன். அதற்கப்புறம் நான் அவனைப் பார்க்கவில்லை.

பசங்களுக்குச் சொல்வது இதுதான். கலர் கம்மியானால் முதலில் நேரத்தைப் பாருங்கள். அடுத்து மிஷினை. ஆளைக் கடைசியில். பக்கத்து ஆளைப் பற்றிப் பாய் கேட்டால், பார்த்ததை மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். எடை போட்டதை நான் பார்க்கவில்லை. ஆனால் அவன் எப்படிப்பட்டவன் என்று ஐந்து வருஷமாகத் தெரியும். அதை யாரும் கேட்கவில்லை. கேட்காமலே நான் சொல்லியிருக்க வேண்டும்.